உரிமையாளர் ராக்கன்

வேப்பங்காட்டில் சொந்தமாக மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கும் மாடு ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் ராக்கன். கறம்பக்குடிப் பக்கம் யாரைக் கேட்டாலும் ராக்கனைத் தெரியும் என்பார்கள். எந்த வாடிவாசலில் அவிழ்த்துவிட்டாலும் திமிலில் ஒரு கை படாமல் போய்விடுகிற காளை. ஆனால் அதன் பெயரில் ஒரு வண்டி இருப்பதும், அந்த வண்டியால் திலகவதி பட்ட பாடும் எல்லாருக்கும் தெரியாது.

திலகவதி ராக்கனை வளர்ப்பவள். கன்றாக வாங்கி வந்தபோது அவள் கணவன் ரத்தினவேல் அதற்குத் தன் பாட்டனார் பெயரை வைத்துவிட்டு, அபுதாபிக்கு விமானம் ஏறிவிட்டான். பாட்டனார் பெயர் ஆகையால் வீட்டில் யாரும் அதை அது என்று சொல்வதில்லை. அவரு தண்ணி குடிச்சாரா, அவருக்குப் பருத்திக்கொட்டை வச்சாச்சா என்றுதான் பேச்சு. விசுக் எலக்ட்ரிக் என்ற கம்பெனியும் பின்னாளில் அப்படியே மரியாதையாகப் பேசியது. என்ன, வீட்டில் இருப்பவர்களுக்கு அவர் மாடு என்பது தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தை மாதம். பக்கத்து ஊர் ஜல்லிக்கட்டில் ராக்கன்தான் சிறந்த காளை. கட்டில், பீரோ, அண்டா எல்லாம் வேறு காளைகளுக்குப் போக, முதல் பரிசாக மேடையில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. அதைக் கொடுத்த விசுக் எலக்ட்ரிக்கின் மண்டலத் தலைவர் பிரசாந்த், அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாக் கம்பெனியும் மாட்டுக்காரருக்குத்தான் பரிசு குடுக்குது. நான் கேக்குறேன், ஓடுனது மாட்டுக்காரரா? ஜெயிச்சது மாட்டுக்காரரா? இந்தியாவிலேயே முதன்முறையா, ஜெயிச்சவர் பேர்லயே நேரடியா நாங்க வண்டியைப் பதிவு பண்றோம்."

கூட்டம் விசிலடித்தது. நாலைந்து பேர் ஒரு செல்போனை ராக்கனின் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். முதல் பெயர் ராக்கன், கடைசிப் பெயர் காளை என்று ஏற்றினார்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் கேட்டபோது திலகவதி புருசன் நம்பரைச் சொன்னாள். எல்லாம் முடிந்ததும் ஸ்கூட்டர் பெண் குரலில், "வணக்கம் ராக்கன். விசுக் குடும்பத்துக்கு நல்வரவு" என்றது. ராக்கன் பதிலுக்கு அதன் சீட்டை நக்கிப் பார்த்தது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மாட்டுக்கே தானம் கொடுத்தால் எதைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைக்கவில்லை. திலகவதி வண்டியில் ஏறி வீடு வந்து சேர்ந்தாள்.

அவள் தோட்டத்தில் காக்கரட்டான் பூவும் மல்லிகையும் போட்டிருந்தாள். விடியுமுன் பறித்து, ஈரத்துணியில் மூட்டை கட்டி, கீரமங்கலத்தில் இன்னாசியின் பூக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பூ யாருக்காகவும் காத்திருக்காது. மொட்டாகப் போனால் திருச்சி வண்டியில் ஏறும். வழியில் பூத்துவிட்டால் ஆட்டுக்குத்தான் ஆகும். இரண்டு வருடம் ஸ்கூட்டர் குறை வைக்கவில்லை. அப்புறம் பேட்டரி கிழடு தட்டியது. பெரியகுளத்துக் கரை மேடு வந்தால் இருமிக்கொண்டு நின்றுவிடும். அவள் இறங்கி, பூவையும் வண்டியையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போவாள். போய்ச் சேரும்போது மூட்டைக்குள் பூ வாயைத் திறந்திருக்கும்.

"மொட்டாக் கொண்டாந்தாத்தான் தாயி திருச்சிக்காரன் வாங்குவான்" என்றார் இன்னாசி. "பூத்ததை நான் என் தலையிலயா வச்சுக்கிறது? இப்புடியே போனா நீ வேற கடைதான் பாத்துக்கணும்."

வேறு கடை என்றால் இன்னும் தூரம். தோட்டத்தை அழித்துவிட்டு உட்கார வேண்டியதுதான். அன்றைக்கே அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு கறம்பக்குடியில் மெக்கானிக் நாகராசிடம் போனாள்.

"பேட்டரிய மட்டும் பெருசா போட்டா போதாதா தம்பி?"

"பத்தாதுக்கா. பேட்டரி சோத்துப்பானை மாதிரி. கன்ட்ரோலர் அள்ளிப் போடற அகப்பை. பானை பெருசா இருந்து அகப்பை சின்னதா இருந்தா பந்தியில சண்டைதான் வரும். ரெண்டையும் சேத்து மாத்திருவோம்."

திருச்சியிலிருந்து இரண்டையும் வரவழைத்தான். சீட்டைத் தூக்கிப் பழைய பேட்டரியை வெளியே எடுத்ததுதான் தாமதம், வண்டி கடைவீதி முழுக்கக் கேட்கும்படி கூவ ஆரம்பித்தது.

"ராக்கன் அவர்களே, உங்கள் வாகனத்தை அந்நியர்கள் திறக்கிறார்கள். பொதுமக்களே, தயவுசெய்து ராக்கன் அவர்களுக்கு உதவுங்கள்."

பொதுமக்கள் உதவிக்கு வந்துவிட்டார்கள். தக்காளி வாங்க வந்தவர்கள் தக்காளியோடு வந்தார்கள். நாகராசு ஸ்க்ரூ டிரைவரோடு நிற்க, அவனைச் சுற்றிக் கூட்டம் கூடியது. "யாருப்பா அந்த ராக்கன், பாவம்" என்று ஒரு கிழவர் கேட்டார். இன்னொருவர், "ஏம்ப்பா, அவரு பொருள அவருக்கிட்டயே குடுத்துறப்பா. ஒனக்கெதுக்கு இந்தப் பாவம்" என்று புத்தி சொன்னார். நாகராசு அவசர அவசரமாகப் பழைய பேட்டரியைத் திரும்ப மாட்டினான். வண்டி நன்றி சொல்லிவிட்டு அடங்கியது.

"கம்பெனிக்கே போயிருங்கக்கா" என்றான். "எனக்கு இந்த ஊர்ல ரெண்டு தங்கச்சிக இருக்கு, கல்யாணம் பண்ணணும்."

விசுக் எலக்ட்ரிக் புதுக்கோட்டையில் வைத்திருப்பதைக் கடை என்று சொல்லக் கூடாது. அது அனுபவ மையம். திலகவதி வாசலில் கால் வைத்ததும் கண்ணாடிக் கதவு தானாக விலகியது. ஒரு பையன் வெண்கல மணியை அடிக்க, உள்ளே இருந்த அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் தனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று ஒதுங்கி நின்றாள். யாரும் வரவில்லை. சின்ன டம்ளரில் பச்சையாக எதையோ கொடுத்து, வரவேற்பு பானம் என்றார்கள்.

எதிர்ச்சுவர் முழுக்க ஒரு பெரிய காது வரைந்திருந்தது. அதன் கீழே, "உங்கள் குரல் எங்களுக்குக் கேட்கிறது" என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் பிளெஸ்ஸி; பதவி, மகிழ்ச்சி அலுவலர். மூன்றாம் முறை கூப்பிட்டபோது ஒரு காதைத் திறந்தாள்.

"பேட்டரியும் கன்ட்ரோலரும் பெருசா மாத்தணுங்க."

"கண்டிப்பா மேடம். விசுக் மகா மேம்பாடுன்னு வந்திருக்கு. புது பேட்டரி, புது கன்ட்ரோலர், குரல் பூட்டு. ஓனர் சம்மதம் மட்டும் வேணும். ராக்கன் சார் வரலையா?"

"அவரு வரமாட்டாருங்க."

"வெளியூர்ல இருக்காரா?"

"கொட்டகையில கெடக்காரு."

"உடம்பு சரியில்லையா மேடம்?"

"நல்லாத்தான் இருக்காரு. அவரு மாடுங்க."

பிளெஸ்ஸியின் புன்னகை அப்படியே இருந்தது. குரல் மட்டும் தணிந்தது. "மேடம், குடும்பம்னா ஆயிரம் இருக்கும். கோவத்துல அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. எங்க வாடிக்கையாளர் யாரையும் மரியாதைக் குறைவாப் பேச நாங்க அனுமதிக்கிறதில்ல."

திலகவதி செல்போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். பிளெஸ்ஸி தன் கம்ப்யூட்டரில் இருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான். அதில் அவளுக்குத் திருப்தி.

"சாருக்கு என்ன வயசு?"

"ஆறு முடிஞ்சு ஏழு நடக்குதுங்க."

"அப்ப மைனர். கார்டியன் விவரம் வேணும். அவங்க அப்பா இருக்காரா?"

"அவங்கப்பன் கோயில் காளைங்க. எங்க மாரியம்மனுக்கு நேந்து விட்டது."

"கோயில்ல வேலை பாக்குறாரா?"

"வேலையெல்லாம் இல்லைங்க. இங்கிட்டும் அங்கிட்டும் மேஞ்சுக்கிட்டுத் திரியும்."

சுயதொழில் என்று பிளெஸ்ஸி தட்டினாள்.

இது ஆகாது என்று திலகவதி மையத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்றாள். மையத் தலைவர் சரவணக்குமார் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்து, இன்னொரு பச்சை டம்ளர் கொடுத்து, முழுக்கதையையும் கேட்டார். கேட்டு முடித்துப் பெருமூச்சு விட்டார்.

"மாடுன்னு எனக்குத் தெரியுது மேடம். என் கண்ணுக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குத் தெரியல. நான் கண்ணுக்கா வேலை பாக்குறேன்? சிஸ்டத்துக்குத்தான் வேலை பாக்குறேன்."

"நாந்தானங்க ஓட்டுறேன். என் பேருக்கு மாத்திக் குடுத்துருங்க."

"ஓனர் உயிரோட இருக்கும்போது அவர் சம்மதம் இல்லாம எப்படி? ஒண்ணு, அவர் நேர்ல வரணும். இல்லையா..." என்று குரலைத் தாழ்த்தினார். "ஓனர் காலமாயிட்டார்னா எங்க ப்ராசஸ் ரொம்ப சுலபம். ஒரே நாள். எங்க கம்பெனியிலேயே நல்லா ஓடுற பிரிவு அதுதான். உயிரோட இருக்கிறவங்கதான் மேடம் சிக்கல். அவங்க கேள்வி கேக்குறாங்க."

திலகவதி எதுவும் பேசாமல் எழுந்து வந்துவிட்டாள். அவள் வெளியேறும்போதும் மணி அடித்துக் கைதட்டினார்கள்.

அவள் பேசாமல் வந்ததை அனுபவ மையம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதோ என்னவோ. மறுநாள் காலையில் அபுதாபியிலிருந்து ரத்தினவேல் அழைத்தான்.

"திலகா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே. எப்பத் தவறுனாரு?"

"யாரு?"

"ராக்கன் அவர்களின் மறைவுக்கு விசுக் குடும்பத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள்னு மெசேஜ் வந்திருக்கு."

"இந்தா நிக்கிறாரு. வைக்கோலு திங்கிறாரு."

ரத்தினவேல் கொஞ்ச நேரம் சந்தோசப்பட்டான். அப்புறம் யோசித்தான். தூரதேசத்தில் இருப்பவர்களுக்கு யோசனைக்குக் குறைவில்லை. "இல்ல திலகா, கேக்குறேன்னு கோச்சுக்காத. ஒனக்கு வண்டி வேணும்ல. அவருக்கும் வயசாகுது..."

"போனை வைங்க" என்றாள் திலகவதி.

வாசலில் சோமு நின்றுகொண்டிருந்தான். சுற்றுவட்டாரத்தில் அடிமாடு பிடித்து லாரியில் ஏற்றி அனுப்புகிற தரகன் அவன். அவனைக் கண்டால் தொழுவத்தில் மாடுகளே எழுந்து நின்றுகொள்ளும். இன்றைக்குக் கழுத்தில் நீல நாடாவில் ஒரு அட்டை தொங்கியது. விசுக் எலக்ட்ரிக், உரிமை மாற்ற உதவியாளர் என்று போட்டிருந்தது. கையில் செவ்வந்தியில் கட்டிய ஒரு மலர்வளையம் இருந்தது.

"கம்பெனி குடுத்து விட்டுச்சுத்தா" என்றான் சோமு. "சாயந்தரம் லாரி வருது. சர்டிபிகேட்டு, அனுதாபம் எல்லாம் அவுகளே பாத்துக்குவாக. நாளைக்கு ஒனக்குப் புது பேட்டரி."

திலகவதி வைக்கோல் இழுக்கிற கொக்கியைக் கையில் எடுத்தாள். சோமு மலர்வளையத்தைத் தொழுவத்துப் பக்கம் எறிந்துவிட்டு, அட்டையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

அவள் தொழுவத்துக்குப் போய் ராக்கனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கன்றாக வந்தபோது கழிச்சல் கண்டு சாகக் கிடந்ததை மடியில் போட்டு, சங்கில் கஞ்சித்தண்ணீர் புகட்டிப் பிழைக்க வைத்தவள் அவள். ஒரு பேட்டரிக்காக அதைச் சாகச் சொல்கிறார்கள். அதுவும் மரியாதையாகச் சொல்கிறார்கள். பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினாள். ராக்கன் தன் மலர்வளையத்தைத் தின்றுகொண்டிருந்தது. பாதி முடிந்திருந்தது. ரிப்பனை மட்டும் ஒதுக்கி வைத்தது. அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

மூக்கைச் சிந்திவிட்டு பிளெஸ்ஸிக்குப் போன் போட்டாள். "நேர்ல வரணும்னுதானே சொன்னீக. வர்றோம்."

அனுபவ மையத்தில் பரபரப்பு தொற்றிக்கொண்டது. சம்மதம் தருவதற்காக ஒரு உரிமையாளர் உயிரோடு நேரில் வருவது கம்பெனி வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவையாம். மண்டலத் தலைவர் பிரசாந்த் சென்னையிலிருந்து காரில் புறப்பட்டார். பேனர் கட்டினார்கள். 'வருக வருக ராக்கன் அவர்களே' என்று எழுதி, சால்வை ஒன்றும் வாங்கி வைத்தார்கள். திலகவதி போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள்.

"மணி அடிக்காதீங்க. கை தட்டாதீங்க. அவரு வேற மாதிரி எடுத்துக்குவாரு."

"அது ப்ரோட்டோகால் மேடம்" என்றாள் பிளெஸ்ஸி.

"கதவு தெறந்து, சனம் சத்தம் போட்டா ஓடணும்னுதான் அவரைப் பழக்கியிருக்கோம். சொல்றதக் கேளுங்க."

"உங்க கருத்தைப் பதிவு பண்ணிட்டேன் மேடம்."

குட்டியானை வண்டியில் ராக்கனை ஏற்றி, துணைக்கு நாகராசையும் கூட்டிக்கொண்டு அவள் புதுக்கோட்டைக்குப் போனாள். ஸ்கூட்டரும் பின்னால் கயிறு கட்டிக் கிடந்தது. பலகை போட்டு இறக்கி, நெற்றியில் திருநீறு பூசி, மூக்கணாங்கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடத்திவந்தாள். ராக்கன் சாதுவாகத்தான் வந்தது. கண்ணாடிக் கதவு இரண்டு பக்கமும் விலகியது. மணி அடித்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ராக்கனுக்கு அது தெரிந்த விசயம். தலையைத் தாழ்த்தி ஒரே பாய்ச்சல். கயிறு திலகவதியின் கையை உருவிக்கொண்டு போனது. மணியடித்த பையன் மணியோடு கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டான். சரவணக்குமார் கவுன்டர் மேல் ஏறினார். அவர் ஏறி முடிப்பதற்குள் பிரசாந்த் அங்கே நின்றுகொண்டிருந்தார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பச்சை டம்ளர்கள் மட்டும் போய்விட்டன. ராக்கன் கூடத்தின் நடுவில், பளபளக்கிற தரையில் நின்று குளம்பால் பறித்தது. 'கிட்டே வா பார்க்கலாம்' என்று ஒவ்வொருவராகப் பார்த்தது. வாசலில் நின்ற நாகராசு பழக்கதோசத்தில், "தொட்டுப் பாக்குறவனுக்கு ஒரு அண்டா" என்று கூவிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

பிரசாந்தின் கையில் மைக் இருந்தது. நிகழ்ச்சி நிரலில் அடுத்தது அவர் உரை. அவர் முறை தவறாதவர். கவுன்டர் மேல் நின்றபடியே பேசினார்.

"வாடிக்கையாளர் எங்களுக்குத் தெய்வம். தெய்வம் பேசாது. அதனாலதான் தெய்வத்தோட யாருக்கும் தகராறு வர்றதில்ல. ராக்கன் அவர்கள் மூணு வருசமா நம்ம குடும்பத்துல இருக்கார். ஒரு புகார் பண்ணியிருக்காரா? ஒரு தடவை போன் பண்ணி, வண்டி ஏன் நிக்குதுன்னு கேட்டிருக்காரா? பணத்தைத் திருப்பிக் குடுன்னு வாசல்ல வந்து நின்னிருக்காரா? எங்க வாடிக்கையாளர்கள் எல்லாரும் இவரைப் போல ஆகணும். அதுதான் என் கனவு. அதுக்காகத்தான் நாங்க ராத்திரி பகலா உழைச்சுக்கிட்டிருக்கோம்."

ஏறி நின்ற இடங்களிலிருந்தே எல்லாரும் கைதட்டினார்கள். ராக்கன் மறுபடி ஒரு சுற்று ஓடியது.

சுற்றி முடித்து, மூலையில் இருந்த திரையில் தன் முகத்தைக் கண்டு நின்றுவிட்டது. இன்னொரு காளை என்று நினைத்ததோ என்னவோ, கிட்டே போய் மோந்தது. "முகத்தை வட்டத்துக்குள் காட்டவும்" என்றது திரை. முகம் வட்டத்துக்குள்தான் இருந்தது. "கண் சிமிட்டவும்" என்றது. ஒரு ஈ வந்து உட்கார, ராக்கன் சிமிட்டியது. "இடப்பக்கம் திரும்பவும்" என்றது. ஈயும் அந்தப் பக்கம்தான் போனது. திரை பச்சையாகி, சம்மதத்துக்கு நன்றி சொன்னது. திலகவதி தன் பெயரில் இரண்டு தடவை ஆதாருக்கு முகம் காட்டி இரண்டு தடவையும் திரும்பி வந்தவள். அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"குரல் பூட்டுக்காக, உரிமையாளர் ஏதாவது பேசவும்" என்றது திரை.

திலகவதி பதறி முன்னால் வந்தாள். "ஏங்க, அதுக்கு மட்டும் என் குரலப் புடிச்சுக்கங்க. நாந்தானங்க ஓட்டுறது. அவரு எங்கிட்டுங்க..."

"மேடம்" என்றார் பிரசாந்த் மேலிருந்து. "ஓனர் பேசும்போது குறுக்க பேசாதீங்க."

ராக்கன் தலையை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எழுப்பியது. கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. "அருமை. மிகத் தெளிவான உச்சரிப்பு" என்றது திரை.

புது பேட்டரியும் புது கன்ட்ரோலரும் அன்றைக்கே ஏறிவிட்டன. அதில் குறை சொல்ல முடியாது. வேலை தெரிந்தவர்கள்தான். ராக்கனுக்குச் சால்வை போர்த்த மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அதை நாகராசு வாங்கிக்கொண்டான்.

மறுநாள் விடியுமுன் திலகவதி பூவைப் பறித்து மூட்டை கட்டி வண்டியில் வைத்து, சாவியைத் திருப்பினாள்.

"வணக்கம் ராக்கன். கிளம்பலாம். குரல் கொடுக்கவும்" என்றது வண்டி.

"நான் திலகவதி" என்றாள்.

"புரியவில்லை. தெளிவாகப் பேசவும்."

"பூவு பூத்துரும்டி. கெளம்பு."

"புரியவில்லை."

ராக்கனை அவிழ்த்து வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். கெஞ்சினாள், பருத்திக்கொட்டை காட்டினாள், வாலை முறுக்கினாள். முந்தின நாள் ஊர் அதிரக் கத்திய மகராசன் அசைபோட்டுக்கொண்டு நின்றான். ஜல்லிக்கட்டில் அது கத்தியபோது எடுத்த வீடியோ நாகராசின் போனில் இருந்தது. அவனை எழுப்பி அனுப்பச் சொல்லிப் போட்டுக் காட்டினாள். "பதிவு செய்த குரல் ஏற்கப்படாது. நேரில் பேசவும்" என்றது வண்டி. கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மொட்டு நெகிழத் தொடங்கியிருந்தது.

திலகவதி தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக, மாடு போல ஒரு சத்தம் போட்டாள்.

"இன்னும் சற்று உரக்க" என்றது வண்டி.

அவளுக்கு அந்தப் பெரிய காதும், பச்சை டம்ளரும், மலர்வளையமும், குறுக்கே பேசாதீங்க என்ற குரலும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். நாய்கள் எழுந்தன. நாலு வீட்டில் விளக்கு எரிந்தது. ராக்கன் அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவளை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

"நன்றி ராக்கன். பயணம் இனிதாகட்டும்" என்றது வண்டி.

பெரியகுளத்துக் கரை மேட்டை அது மேடு என்றே கண்டுகொள்ளவில்லை. அவ்வளவு பூவையும் தூக்கிக்கொண்டு ஏறி, இறங்கி, கீரமங்கலத்தில் முதல் ஆளாகக் கொண்டுபோய் நிறுத்தியது. இன்னாசி மூட்டையைப் பிரித்து, ஒரு மொட்டை எடுத்து நசுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். திருச்சி வண்டியில் முதல் மூட்டை அவளுடையதுதான்.

"பேட்டரி மாத்திட்டியா தாயி?"

"மாத்தியாச்சுண்ணே."

"நல்லா வேலை செய்யிதா?"

அவள் பதில் சொல்லுமுன் இடுப்பில் செருகியிருந்த செல்போன் அடித்தது. பிளெஸ்ஸி. வழக்கமான அந்தப் புன்னகை குரலிலும் இருந்தது.

"வணக்கம், விசுக் குடும்பத்துலேருந்து பேசுறோம். மகா மேம்பாடு பண்ணியிருக்கீங்க. அதைப் பத்தி ஒரு நிமிசம் ஓனரோட கருத்து கேக்கணும். ராக்கன் சார் இருக்காரா?"

"ஏம்மா, நான் திலகவதி. அந்தக் குரல் பூட்டைக் கழட்டிவிடுங்கம்மா. தெனமும் நான்..."

"மன்னிக்கணும் மேடம், ஓனர் கருத்து மட்டும்தான் பதிவு பண்ண முடியும். சார்கிட்ட குடுக்க முடியுமா?"

திலகவதி சுற்றும் பார்த்தாள். கமிஷன் கடை முழுக்கச் சனம். பூக்காரிகள், சாக்கு தைப்பவர்கள், தராசு பிடிப்பவர்கள். இன்னாசி மொட்டைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். செல்போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, கடை அதிர ஒரு கத்துக் கத்தினாள்.

தராசுகள் நின்றன. செல்போனில் தட்டச்சு செய்கிற ஒலி கேட்டது.

"ரொம்ப நன்றி சார்" என்றாள் பிளெஸ்ஸி. "உங்கள் குரல் எங்களுக்குக் கேட்கிறது."